பாஸ்டர் சொன்ன வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"அங்கிள், அப்பா காலமான பிறகு அம்மா ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு ஹோலில் நடக்கும் உபவாச ஜெபத்துக்குப் போகிறா. அந்தப் பாஸ்டர் வாய் திறந்தால் வசனம்தான். மல்கியாவைச் சொல்லிக் காணிக்கை கேட்டார், அம்மா தன் இரண்டு காப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டா. வருஷம் முடிய முதல் தம்பிக்குக் கனடா விசா வரும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். வரவில்லை. வீட்டில் விசுவாசம் காணாது என்கிறார். இப்போது அம்மா பிரஷர் குளிசையையும் ஒழுங்காகப் போடுவதில்லை. நான் ஏதாவது சொன்னால், 'அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே' என்கிறா. நியாயந்தீர்ப்பது பாவமா? அவர் வேதத்தின்படிதான் போதிக்கிறாரா என்று நான் எப்படி அறிவது?"

மகள், குளிசை விஷயம் காத்திருக்காது. இதை வாசித்து முடித்தவுடன் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம். பவுல் தன் பிள்ளைபோல நேசித்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. 'உனக்கு விசுவாசம் காணாது' என்று பவுல் அவருக்கு எழுதவில்லை. கொஞ்சம் திராட்சரசம் குடி என்று அந்தக் காலத்து மருந்தைத்தான் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாகத் தன் கடைசிக் கடிதத்தில் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று போதிப்பவர் இந்த இரண்டு வசனங்களையும் எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கர்த்தர் சுகமாக்குவார் என்று நம்புகிறவன், நோயாளிகளுக்காகத் தினமும் ஜெபிக்கிறவன். அந்த நம்பிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். 'மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்பது மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். அதே அதிகாரம் 15-ஆம் வசனத்தில், அதே பிரசங்கத்தில், அதே ஆண்டவர் 'கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள்' என்கிறார். சோதித்துப் பார்க்காமல் எப்படி எச்சரிக்கையாக இருப்பது? ஒரு மனிதனுடைய உள்ளத்துக்குத் தீர்ப்பெழுதும் வேலை எங்களுக்கு இல்லை. அவர் சொன்ன உபதேசத்தைத் திறந்த வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எங்களுடையது. பெரோயா பட்டணத்து ஆட்கள் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். வேதம் அவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று சொல்லவில்லை, 'நற்குணசாலிகள்' என்கிறது (அப்போஸ்தலர் 17:11). பவுலைச் சோதிக்கலாம் என்றால் கொட்டாஞ்சேனைப் பாஸ்டரையும் சோதிக்கலாம். நான் சொல்வதையும் அப்படியே சோதியுங்கள்.

அம்மா சொல்லும் வசனம் சங்கீதம் 105:15. அதைத் தனியாகச் சொல்லாமல் 12-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். சொந்த நாடில்லாமல் அலைந்த கொஞ்சப் பேரான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுவின் குடும்பத்துக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்று கர்த்தர் ராஜாக்களை எச்சரித்தார் என்பது அதன் பொருள். 'தொடாமல்' என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது அல்ல, கெடுதல் செய்யாமல் இருப்பது. அப்படி எச்சரிக்கப்பட்ட ராஜாக்களில் ஒருவன் கேராரின் அபிமெலேக்கு. அந்தக் கதை ஆதியாகமம் 20-இல் இருக்கிறது. தன் மனைவி சாராளைச் சகோதரி என்று சொல்லி ஏமாற்றியது ஆபிரகாம். 'நீ எங்களுக்கு என்ன காரியம் செய்தாய்?' என்று நேரே கேட்டவன் அந்தப் புறஜாதி ராஜா. ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்று கர்த்தர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். அபிஷேகம் பெற்றவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்குக் காட்டும் வசனத்தின் பின்னால், அபிஷேகம் பெற்றவரிடம் ஒருவன் நியாயமான கேள்வி கேட்ட கதை நிற்கிறது. இதை அம்மாவோடு சண்டைக்கு எடுக்காதீர்கள். இரண்டு பகுதியையும் சேர்த்து வாசிக்கக் கொடுங்கள்.

'வாய் திறந்தால் வசனம்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திச் சோதித்த பிசாசும் 'எழுதியிருக்கிறது' என்று சொல்லித்தான் 91-ஆம் சங்கீதத்தை எடுத்தான். மத்தேயு 4:6-ஐயும் சங்கீதம் 91:11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 'உன் வழிகளிலெல்லாம்' என்ற சொல் அவன் வாயில் இல்லை. சிங்கத்தையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பதைச் சொல்லும் 13-ஆம் வசனத்துக்கு அவன் போகவே இல்லை. சொன்ன வசனம் உண்மையான வசனம். அது இருந்த இடத்திலிருந்து அதைப் பெயர்த்தெடுத்ததில்தான் பொய் இருந்தது.

பெயர்த்தெடுப்பது என்றால் என்னவென்று எனக்கு ஒரு அன்ரிதான் காட்டித் தந்தா. 1998 டிசம்பர் 31 இரவு ஆராதனை. எங்கள் சபைகளில் வழக்கமாக நடப்பதுதான்: தட்டில் வாக்குத்தத்த அட்டைகள், ஆளுக்கொன்று எடுப்பார்கள், அந்த வருஷத்துக்கான வசனம் என்று வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அன்று பிரசங்கம் எனக்கு. எரேமியா 29:11-ஐ எடுத்தேன். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வருகிற வருஷம் உங்கள் வருஷம், உங்கள் கஷ்டங்கள் முடியும் வருஷம் என்று உரத்த குரலில் சொன்னேன். சபை முழுக்க 'ஆமென்'.

ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்கும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு நின்றபோது அந்த அன்ரி பழைய வேதப் புத்தகத்தோடு என்னிடம் வந்தா. மட்டை கிழிந்து, தைத்து, மறுபடி ஒட்டிய புத்தகம். விரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு கேட்டா: "தம்பி, இதுக்கு முதல் வசனத்தையும் வாசிச்சிருக்கலாமே?"

10-ஆம் வசனம். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று அதில் இருக்கிறது.

அவ தொடர்ந்தா: "83-ல வெள்ளவத்தையில எங்கட வீடு எரிஞ்சு, பிள்ளையளோட அகதி முகாமில இருக்கேக்க ஒருத்தர் வந்து இதே வசனத்தைச் சொல்லி, ரெண்டு கிழமையில எல்லாம் பழையபடி வந்திரும் எண்டு ஜெபிச்சவர். நான் ரெண்டு கிழமையையும் எண்ணினன். பேந்து கப்பல்ல காங்கேசன்துறைக்கு அனுப்பிட்டாங்கள். கன காலம் நான் வேதத்தைத் திறக்கேல்ல. அந்த ஆள் என்னைப் பொய்க்காட்டினவர் எண்டு நான் நினைக்கேல்ல, கர்த்தர் பொய்க்காட்டினவர் எண்டு நினைச்சன். பத்தாம் வசனத்தையும் வாசிச்சுச் சொல்லியிருந்தா அப்பிடி நினைச்சிருக்க மாட்டன்."

அன்று எனக்கு முகம் சிவந்துபோனது. சபைக்கு முன்னால் 'ஆமென்' கேட்ட காதுக்கு அது கசந்தது. வீட்டுக்குப் போய், அவ சொன்னது பிழை என்று காட்டுவதற்காகவே எரேமியா 27-இலிருந்து 29 வரை ஒரே இருப்பில் வாசித்தேன். வாசித்து முடிய, பிழை என்னுடையது என்று விளங்கியது. அந்த மூன்று அதிகாரங்களும் நீங்கள் கேட்ட கேள்வியைப் பற்றியவையே: எந்தப் பிரசங்கியை நம்புவது?

யூதா ஜனத்தில் ஒரு பகுதியைப் பாபிலோன் ராஜா ஏற்கனவே சிறைபிடித்துக் கொண்டுபோயிருந்த காலம் அது. 27-இல் எரேமியா கழுத்தில் நுகத்தைப் பூட்டிக்கொண்டு, பாபிலோன் ராஜாவுக்குக் கீழே இருக்கத்தான் வேண்டும் என்கிறார். 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்புகிறான். ஆலயத்தில், ஆசாரியருக்கும் எல்லா ஜனத்துக்கும் முன்னால், 'இரண்டு வருஷகாலத்திலே' பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும் என்கிறான். அவனும் கர்த்தர் சொல்லுகிறார் என்றுதான் தொடங்குகிறான். எரேமியா என்ன செய்தார்? 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றார். நல்ல காலம் வரவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் சமாதானம் வருமென்று சொல்கிறவனுடைய வார்த்தை நிறைவேறும்போதுதான் கர்த்தர் அவனை அனுப்பினது தெரியவரும் என்றும் சொன்னார். அனனியா அந்த நுகத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் உடைத்தான். கூட்டம் எந்தப் பக்கம் கைதட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு கர்த்தர் எரேமியாவைத் திருப்பி அனுப்புகிறார். 'நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்' என்ற சொல் அப்போது வருகிறது. அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில், அனனியா செத்துப்போனான்.

இதற்குப் பிறகுதான் 29-ஆம் அதிகாரக் கடிதம். சிறையிருப்பில் இருக்கிறவர்களே, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். உங்கள் நடுவில் இருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள். அந்தக் கடிதத்துக்குள்தான் 11-ஆம் வசனம் இருக்கிறது. அனனியாவின் இரண்டு வருஷத்தை நம்ப வேண்டாம், நான் உங்களை 70 வருஷத்திலும் மறக்க மாட்டேன் என்று கர்த்தர் சொன்ன வசனம் அது. அதை எடுத்து 'இந்த வருஷமே எல்லாம் முடியும்' என்று நான் சொன்னபோது, எரேமியாவின் வசனத்தை அனனியாவின் வாயால் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு சபையில் எழும்பி அதைச் சொன்னேன்.

ஆகவே, மகள், நான் தரக்கூடிய முதல் அளவுகோல் இதுதான். ஒரு கொப்பி எடுங்கள். அவருடைய நான்கு ஐந்து பிரசங்கங்களுக்குப் போங்கள், அல்லது யூடியூபில் கேளுங்கள். அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் எழுதி, பக்கத்தில் அவர் அதற்குச் சொன்ன கருத்தை எழுதுங்கள். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று மூன்றாவதாக எழுதுங்கள். ஒரு பிரசங்கத்தில் ஒரு வசனம் தவறினால் அது பெரிய விஷயமல்ல. நான்கு பிரசங்கங்களிலும் ஒரே பக்கமாக, காசின் பக்கமாகவோ அவருடைய அதிகாரத்தின் பக்கமாகவோ, வசனங்கள் சாய்ந்துகொண்டே போனால் கொப்பியே உங்களுக்குச் சொல்லும். எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பவுல் 'பிரதானமாக' ஒப்புக்கொடுத்தேன் என்று சொல்வது, கிறிஸ்து எங்கள் பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததை (1 கொரிந்தியர் 15:3, 4). நான்கு கிழமைப் பிரசங்கத்தில் அது எத்தனை தரம் வந்தது? வந்தபோதும், சிலுவை பாவமன்னிப்புக்காக வந்ததா, விசாவுக்கும் வியாபாரத்துக்கும் வழியாக மட்டும் வந்ததா?

தம்பியின் விசாத் தீர்க்கதரிசனத்துக்கு உபாகமம் 18:22 நேரடியாகப் பதில் சொல்கிறது: கர்த்தரின் நாமத்தில் சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. சொன்னவன் துணிகரத்தினால் சொன்னான் என்றுதான் அங்கே இருக்கிறது. கேட்டவர்களுக்கு விசுவாசம் காணாது என்று இல்லை. பழியை அம்மாவின் தலையில் போட்டது எனக்கு விசாவைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்: சொன்னது நடந்தாலும் அது மட்டும் அத்தாட்சி அல்ல. உபாகமம் 13-இல் அடையாளம் பலித்தும், அவன் சனத்தை வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே என்று இருக்கிறது. அடுத்த மாதம் விசா வந்தால் 'பாஸ்டர் சொன்னது பலித்தது' என்று கதை மாறும், அதற்காகத்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

காப்பு விஷயம். தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐத்தானே வாசித்திருப்பார்? 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்று அதில் காரணம் சொல்லியிருக்கிறது. அது பண்டசாலைக்குப் போகும் தானியம். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பார்த்தால், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தைச் சாப்பிட வேண்டியவர்கள் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும். அதாவது நியாயப்பிரமாணத்தின் கணக்கில் உங்கள் அம்மா தசமபாகத்தால் பசியாற வேண்டிய ஆள். அதே மல்கியா 3-இல் 5-ஆம் வசனம், கூலிக்காரரையும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருவார் என்கிறது. 10-ஐ வாசித்தவருக்கு 5 கண்ணில் படவில்லையா? ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லிக் காணிக்கை எடுக்கிறவர்களும் மாற்கு 12:42-இலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு வசனம் முன்னால், 40-இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. காணிக்கை கொடுப்பது நல்லது, நானும் கொடுக்கிறேன். ஆனால் 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்பதுதான் சபைக்கு எழுதிய முறை (2 கொரிந்தியர் 9:7). ஊழியத்துக் காசைக் கொண்டுபோகும்போது யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது என்று பவுல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது, அவரிடம் 'இல்லை, பாஸ்டர்' என்று சொல்லக்கூடிய மூப்பர்கள் யார் என்று கேளுங்கள்.

3 யோவான் 2-ஐ வைத்துச் செல்வம் வாக்குத்தத்தம் என்பார்கள். நாங்கள் கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதைப்போல, யோவான் காயுவை நலம் விசாரிக்கும் வரி அது. அவ்வளவுதான்.

'எபிரேயத்தில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு' என்று ஒரு பாஸ்டர் சொன்னால் உடனே மயங்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். எங்களிடம் பழைய மொழிபெயர்ப்பு இருக்கிறது, 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கிறது, வேறு எளிய மொழிபெயர்ப்புகளும் உண்டு. இரண்டு மூன்றில் அந்த வசனத்தைப் பாருங்கள். எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் ஒன்றாகச் சொல்வதைத் தலைகீழாக்கும் அர்த்தம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மெதுவாகப் போங்கள். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இலேயே அச்சாகிவிட்டது. இந்தக் கொழும்பிலேயே 1759-இல், கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சேறியது. போதகரிடம் மட்டும் இருக்கவேண்டிய புத்தகம் என்றால் அவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. இன்னும் ஆழமாகப் படிக்க ஆசை என்றால் கொழும்பு இறையியல் கல்லூரியில் தமிழிலும் பாடங்கள் உண்டு.

எதை வைத்து அளக்கக்கூடாது என்பதையும் சொல்கிறேன். கைதட்டிப் பாடுகிறார்கள், அந்நியபாஷை பேசுகிறார்கள், ஹோலில் பிளாஸ்டிக் கதிரை, பாஸ்டர் அங்கி போடுவதில்லை, இவையெல்லாம் அளவுகோல் அல்ல. நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். அங்கியும் பாட்டுப் புத்தகமும் உள்ள இடத்தில் வேதம் இல்லாத பிரசங்கமும் கேட்டிருக்கிறேன், தகரக் கூரைக்குக் கீழே, ரோமர் 8-ஐ வரி வரியாக விளக்கிய ஒரு பெந்தெகொஸ்தே ஊழியரையும் கேட்டிருக்கிறேன். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

பிழையாகப் போதித்தவர் எல்லோரும் கள்ளப்போதகரும் அல்ல. அப்போஸ்தலர் காலத்துப் பிரசங்கியான அப்பொல்லோ சாதுரியமாகப் பேசுகிறவர், வேதாகமங்களில் வல்லவர், ஆனால் அவர் அறிந்ததில் குறை இருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). அவர் கேட்டுக்கொண்டார். அந்த அன்ரி எனக்குச் செய்ததும் இதுதான். அதனால் நீங்களும் அந்தப் பாஸ்டரிடம் ஒருக்கா நேரே போங்கள். தனியாகப் போக வேண்டாம், வேதம் தெரிந்த மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மல்கியா 3:5-ஐ, எரேமியா 28-ஐத் திறந்து வைத்து மரியாதையாகக் கேளுங்கள். 'வாசித்துப் பார்க்கிறேன்' என்று புத்தகத்தை எடுக்கிறவர் ஒரு மாதிரி. சாபம் வரும் என்று பயமுறுத்துகிறவர் வேறு மாதிரி. அதற்கு முதல் வட்ஸ்அப்பில் அவரைப் பற்றி ஒன்றும் அனுப்பாதீர்கள். மூப்பனுக்கு விரோதமான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்பதும் வேதம்தான் (1 தீமோத்தேயு 5:19).

அம்மாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அப்பா போன பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் அவவின் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். அதைப் பறித்துவிட்டு வெறும் வீட்டைக் கொடுத்தால் அவ திரும்பவும் அங்கேதான் போவா. வருகிற வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து கொஞ்சம் வெள்ளன வாருங்கள். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, எரேமியா 27-ஐ அம்மாவிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 28-ஐ நீங்கள் வாசியுங்கள். 29 வந்ததும் மறுபடி அம்மாவிடம் கொடுங்கள், இடையில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். 10-ஆம் வசனத்தை அவ தன் வாயாலேயே வாசிக்கட்டும்.